அமெரிக்க அதிபரின் அமைச்சரவை: உங்கள் கேள்விகள்

கேள்வி: அமைச்சரவையில் மொத்தம் எத்தனை பேர்?

துணை அதிபரும் 15 துறைகளின் தலைவர்களும். அங்கே துறைத் தலைவரைச் ‘செயலாளர்’ என்பார்கள். நீதித்துறைக்கு மட்டும் அட்டர்னி ஜெனரல். 1789-ல் முதல் அதிபர் வாஷிங்டனுக்கு ஜெஃபர்சன், ஹாமில்டன், நாக்ஸ், ராண்டால்ஃப் என நாலே பேர்தான். இப்போது துணை அதிபரும் துறைத் தலைவர்களும் போக, வேறு சில பதவிகளுக்கும் அதிபர் விரும்பினால் அமைச்சர் அந்தஸ்து தருவார்.

கேள்வி: செனட்டர் ஒருவர் அமைச்சராகலாமா?

ஆகலாம், ஆனால் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் வகிக்கும் பதவியை விட்டுவிட வேண்டும். 2009-ல் ஹிலாரி கிளிண்டன் அப்படித்தான் வெளியுறவுத்துறைச் செயலாளராகப் போனார்.

கேள்வி: நியமிக்க செனட் ஒப்புதல் வேண்டும், சரி. நீக்குவதற்கும் வேண்டுமா?

வேண்டாம். ஒரு காலத்தில் வேண்டும் என்று சட்டமே போட்டார்கள், 1867-ல். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதை மீறிப் போர்த்துறைச் செயலாளர் ஸ்டாண்டனை நீக்கினார். அதற்காக அவர்மீது பதவிநீக்க விசாரணை நடந்தது. 1868-ல் செனட்டில் ஒரே ஓட்டில் தப்பினார். 1887-ல் அந்தச் சட்டமும் போய்விட்டது. 2018-ல் வெளியுறவுத்துறைச் செயலாளர் டில்லர்சனை நீக்கிய செய்தியை டிரம்ப் ட்விட்டரிலேயே அறிவித்தார்.

கேள்வி: கூண்டோடு ராஜினாமா நடந்ததுண்டா?

உண்டு. 1841-ல் அதிபர் டைலர் வங்கி மசோதாக்களைத் தடுத்ததும், வெளியுறவுத்துறைச் செயலாளர் வெப்ஸ்டர் ஒருவரைத் தவிர எல்லோரும் விலகினார்கள். ஆனால் எனக்கு இன்னும் மனசு ஆறாதது 1979. பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை நின்ற நேரம். ஜூலை 15 அன்று அதிபர் கார்ட்டர் தொலைக்காட்சியில் மனம் திறந்து பேசினார், மக்களும் நன்றாகவே வரவேற்றார்கள். இரண்டே நாளில் அமைச்சரவை மொத்தமும் ராஜினாமாவை நீட்டியது. ஐந்து பேரை அனுப்பிவிட்டார். நிதி, நீதி, எரிசக்தி, சுகாதாரம், போக்குவரத்து எல்லாம் ஒரே வாரத்தில்! அரசே ஆட்டம் கண்டுவிட்டது என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு மாற்றியிருக்கலாம். நல்ல மனிதர், அந்தப் பேச்சில் சம்பாதித்ததை அவரே கலைத்துக்கொண்டார் என்பது என் கருத்து.

கேள்வி: காலி இடத்தை எப்படிச் சமாளிப்பார்கள்?

தற்காலிகப் பொறுப்பாளரை வைத்து. 1998-ல் வந்த சட்டப்படி பொதுவாக 210 நாள் கெடு. அதிபர் அந்தப் பதவிக்கு முன்மொழிந்தவரின் பெயர் செனட்டில் நிலுவையில் இருந்தால் அது நீளும். இந்த வழியை அதிகம் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. செனட்டின் குறுக்குக்கேள்விகளைச் சந்திக்காதவர் கையில் ஒரு துறையே இருக்கும்.

கேள்வி: யாரையுமே மாற்றாத அதிபர்?

ஃபிராங்க்ளின் பியர்ஸ், 1853 முதல் 1857 வரை. நாலு வருடமும் அதே ஆட்கள். அதை வைத்து நல்லாட்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்போதுதான் அடிமைமுறைச் சண்டையில் கான்சாஸில் ரத்தம் சிந்தியது. அவருடைய போர்த்துறைச் செயலாளர் ஜெஃபர்சன் டேவிஸ். 1861-ல் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கு அவர்தான் அதிபர்.