மிஷின் இல்லாத காலத்தில் பெரிய மரத்தைக் கையாலேயே எப்படிப் பலகையாக அறுத்தார்கள்? கடையில் விற்கும் ரம்பத்தால் இன்று அது முடியுமா?

என் தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கம் கூலிக்கு மரம் அறுத்தவர். நான் சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருந்துகொண்டு, விடுமுறை நாளில் மரவேலை பழகுகிறவன். அதனால் பாதி கேட்டது, பாதி கை காய்த்துத் தெரிந்துகொண்டது.

ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதன் மேல் மரத்தைக் கிடத்துவார்கள். கரி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். மரத்தின் மேல் ஒருவர், குழிக்குள் ஒருவர். மரம் அறுக்கும் வாள் ஐந்தாறு அடி இருக்கும். பற்கள் கீழ்நோக்கி இருப்பதால் கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். மேலே தூக்குவது அடுத்த இழுப்புக்காக. அதாவது பலம் குழிக்குள் இருப்பவருடையது, கோடு தப்பாமல் பார்ப்பது மேலே நிற்பவருடையது. அறுத்த இடம் மூடி வாளைக் கவ்வாமலிருக்க ஆப்பு வைப்பார்கள். கீழ்ப்பிடியைக் கழற்றிவிட்டு வாளை மேலே உருவி எடுக்கவும் முடியும்.

தாத்தா பல வருடம் குழிக்குள்தான். மரத்தூள் முழுக்க அவர் தலையில். வீட்டு வாசலிலேயே அப்பாயி நிறுத்திவிடுவாராம்: "கொல்லையில உதறிட்டு வாங்க."

சிங்கப்பூரிலும் நீராவியால் ஓடும் மர ஆலைகள் வரும் முன் சீனத் தொழிலாளர்கள் கையால் அறுத்த பலகைகள்தான்.

சரி, என் கதை. சுங்கை காடுட்டில் மரச்சாமான் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர், தூங்குமூஞ்சி மரத்துண்டு ஒன்று கொடுத்தார். இரண்டடி நீளம். பட்டறை ஓரத்தில் வைத்து, சாதாரண ரம்பத்தால் நெடுக அறுக்கப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் இரண்டு அங்குலம். ரம்பம் சூடாகிச் சிக்கிக்கொண்டது.

ரம்பம் மழுங்கவில்லை, பல்தான் தப்பு. குறுக்கே வெட்டும் ரம்பத்தின் பல் கத்தி மாதிரி, நாரைக் கீறி அறுக்கும். நெடுக அறுக்க, வரிசையாக நிறுத்திய சின்ன உளிகள் மாதிரிப் பல் வேண்டும். அது நாரைச் செதுக்கித் தள்ளும். பற்களை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாக லேசாக வளைத்திருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு வாயில் வாள் இறுகிவிடும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். மரம் பச்சையாக இருக்கும்போதே அறுப்பது சுலபம். செங்கால் (மலேசியக் காட்டு மரம்) மாதிரி வைரம் பாய்ந்த மரம் காய்ந்துவிட்டால் கையால் அறுப்பதை மறந்துவிடுங்கள்.

நெடுக அறுக்கும் ரம்பம் வாங்கியபின் வேலை ஓடியது. ஆனால் கோட்டை ஒரு பக்கம் மட்டும் போட்டிருந்தேன். மேலே நேராகப் போன வெட்டு, அடியில் அரை அங்குலம் விலகிவிட்டது. ஒரு விளிம்பு தடிமன், மறு விளிம்பு மெலிசு. போதாததற்கு ஈரம் காயும் முன்பே ஏர்கான் அறைக்குள் வைத்தேன்; வளைந்தும் போனது.

அப்பா அந்தப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாத்தா இருந்திருந்தா உன்னையும் குழிக்குள்ளதான் இறக்கியிருப்பாரு."