கருப்புக் காருக்கு மெஷின் பாலிஷ் போட்டும் வெயிலில் மங்கலாகத் தெரிகிறது. பெயிண்ட் ரொம்ப மென்மை என்கிறார்கள். இன்னும் வலுவான காம்பவுண்ட் போடலாமா?

வேண்டாம். கையில் இருக்கும் காம்பவுண்டை, அதாவது கரடான துகள் உள்ள அந்தப் பாலிஷை, மூடி வைத்துவிடுங்கள். மென்மையான பெயிண்டில் மங்கல் வந்தால் வலுவைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும்.

கேள்வியில் அதிக விவரம் இல்லை. ஆனாலும் உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது என்றே நினைக்கிறேன். நிழலில் வண்டி பளபளக்கிறது. வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி தெரிந்த பழைய சுழல் கீறல்களைக் காணோம். ஆனால் அந்த இடத்தில் யாரோ வாயால் ஊதிவிட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம். கருப்பு கருப்பாக இல்லை. இதுதானே? அப்படியென்றால் பழைய கீறல் போய்விட்டது. இப்போது தெரிவது மெஷினில் மாட்டித் தேய்க்கும் பேடும் காம்பவுண்டும் சேர்ந்து போட்ட புதிய நுண்கீறல்கள். அதன் மேல் இன்னும் கரடான ஒன்றைப் போட்டால் மறுபடி கீறல்தான் விழும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதைத் தொழிலாகச் செய்பவன் இல்லை. இரண்டு வருடத்தில் மொத்தம் நான்கு கார்களுக்குத்தான் போட்டிருக்கிறேன். ஓரிடத்தில் நின்றே வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினும் கம்பளிப் பேடும் வைத்துத் தொடங்கி, கருப்பு வண்டியைக் கண்ணாடி மாதிரி முடித்துக் கொடுக்கும் கைகள் உண்டு. அதை மறுக்கவில்லை. அந்தக் கைப்பழக்கம் வர வருடங்கள் ஆகும். சொந்தக் காரை வைத்துக்கொண்டு திணறுகிறவருக்காக மட்டும் இதை எழுதுகிறேன். "ஒரு காருக்கு இவ்வளவு மெனக்கெடணுமா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: எனக்கு மெனக்கெட வேண்டியிருந்தது. காரணம் இருக்கிறது.

கார் அப்பாவுடையது. பதினொரு வருடம் அவர் ஓட்டிய கருப்பு செடான். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு துணியை எடுத்து பானட்டிலிருந்து டிக்கி வரைக்கும் துடைப்பார். தண்ணீர் கிடையாது, வெறும் உலர்ந்த துணி. ஒரு நாள் தவறியதில்லை. கீறல் அத்தனையும் அப்படி வந்ததுதான். தூசியோடு மணல் துகளும் சேர்ந்தே படிந்திருக்கும். மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. துணி அதை இழுத்துக்கொண்டே போகும்போது நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் கிளியர் கோட் எப்படித் தாங்கும்? இதை அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை. வண்டியை அவர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அதில் பாதிக் கீறல்கூட இருந்திருக்காது.

வண்டி என் கைக்கு வந்ததும் காருக்குப் பாலிஷ் போட்டுத் தரும் ஒரு டீடெய்லிங் கடைக்குக் கொண்டுபோனேன். அப்பாவும் கூட வந்தார். கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யாரு சார் வண்டியை இப்படிப் பாழாக்கி வச்சது? சாக்கு வச்சுத் துடைச்சாங்களா?" என்றார். பக்கத்தில் நின்ற அப்பா, "நான்தான் தம்பி" என்றார். அதற்கு அப்புறம் அந்த ஆள் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. அப்பா கேட்ட கேள்விக்கெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். வயதானவரோடு எங்கே போனாலும் இதே கதை. போன் கடையில், டாக்டர் அறையில், வங்கிக் கவுண்டரில், உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்பார், பதில் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைக்குப் போகும். அறுபது தாண்டினால் காது கேட்காது, விஷயம் புரியாது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பதினொரு வருடம் அந்த வண்டியின் ஒவ்வொரு சத்தத்தையும் தெரிந்து வைத்திருந்தவர் அவர்தான். நான் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடையில் கம்பளிப் பேடை மாட்டி ரோட்டரியில் போட்டார்கள். சாயங்காலம் டியூப் லைட் வெளிச்சத்தில் வண்டி அசத்தலாக இருந்தது. மூன்று தடவை கழுவியதும் பானட் முழுக்க வில் வில்லாகக் கோடுகள், பார்க்கும் கோணம் மாறினால் அதுவும் கூடவே நகர்கிறது. இதைத்தான் ஹாலோகிராம் என்கிறார்கள். கீறலை எடுக்காமல், எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸைப் பூசி நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கழுவக் கழுவ அது போய்விட்டது. உங்கள் வண்டிக்கும் கடையில் போட்டிருந்தால் இதைச் சோதித்துக்கொள்ளுங்கள்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை 10 முதல் 15 சதவீதம் வருகிற மாதிரி தண்ணீரில் கலந்து, ஓரிடத்தில் தெளித்துத் துடைத்துவிட்டு வெயிலில் பாருங்கள். பூசி மறைத்தது அநேகமாக வெளியே வந்துவிடும்.

அதற்கு அப்புறம்தான் 15 மில்லிமீட்டர் வீச்சு உள்ள டூயல் ஆக்‌ஷன் மெஷின் ஒன்று வாங்கினேன். பேட் சுழன்றுகொண்டே அலைந்தும் ஆடும் வகை இது. ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் சுழற்சி நின்றுவிடும், அதனால் ரோட்டரி அளவுக்குச் சட்டென்று பெயிண்டைச் சுட்டுவிடாது. பேடை மாட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால்தான் பேட் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் கீறலை அடைப்பதில்லை. கீறலின் அடிமட்டத்துக்குச் சுற்றியுள்ள பெயிண்டைத் தேய்த்து இறக்குகிறது. கம்பெனிக் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதுதான் கீழே இருக்கும் நிறத்தை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது. தேய்த்துக் கழித்தது திரும்ப வராது. நகம் தட்டுகிற அளவுக்கு ஆழமான கீறலை அப்படியே விட்டுவிடுங்கள். நான் நாலைந்தை விட்டிருக்கிறேன்.

தடிமன் பார்க்கும் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி வண்டி முழுக்க வைத்துப் பார்த்தேன். எல்லா இடமும் 110, 120 மைக்ரான். இது ப்ரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்த்து வரும் கணக்கு. இடது பின்கதவில் மட்டும் 230. அப்பாவைக் கேட்டேன். யாரோ உரசிவிட்டுப் போய், மறு பெயிண்ட் அடித்தாராம், வீட்டில் சொல்லவில்லையாம். அந்தக் கதவு மற்ற இடங்களைவிட மென்மையாக இருந்தது. ஜப்பானியக் கார்களில் பெயிண்ட் மென்மை, ஜெர்மன் கார்களில் கடினம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரே வண்டியில் ஒரு கதவே மாறுபடும்போது அந்தப் பேச்சை நம்பி இறங்க வேண்டாம். அரை மீட்டர் சதுரத்துக்கு டேப் ஒட்டி, கையில் இருப்பதிலேயே இலேசான பேடும் இலேசான பாலிஷும் வைத்து முதலில் அங்கே மட்டும் போட்டுப் பாருங்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. முதல் ஞாயிறு, மைக்ரோஃபைபர் கட்டிங் பேட், காம்பவுண்ட், மெஷினின் வேக எண் 5, மேலே சாய்ந்து அழுத்தினேன். கீறல் இரண்டு நிமிடத்தில் போனது. மென்மையான பெயிண்டில் நம்மை ஏமாற்றுவது இதுதான்: வெட்டுவது சுலபம், முடிப்பதுதான் கஷ்டம். சீக்கிரம் வெட்டுப்படுகிற பெயிண்ட், பேடின் இழையே பட்டாலும் கோடு வாங்கிக்கொள்ளும். உங்கள் வண்டியில் இருக்கும் அதே மூட்டம் வந்தது.

இரண்டாவது ஞாயிறு மெத்தென்ற ஃபோம் பேடுக்கும், நுண்ணிய துகள் உள்ள ஃபினிஷிங் பாலிஷுக்கும் இறங்கினேன். மூட்டம் போனது, ஆனால் டார்ச் அடித்தால் மெல்லிய கோடுகள். பாலிஷை மாற்றினேன், பேடை மாற்றினேன், கோடு போகவில்லை. சாயங்காலம் ஓய்ந்துபோய் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து உற்றுப் பார்த்தபோதுதான் கவனித்தேன், கோடுகள் வளையவே இல்லை. எல்லாம் நேர்கோடு. சுழல்கிற மெஷின் எப்படி நேர்கோடு போடும்?

துணிதான் காரணம். பாலிஷைத் துடைத்தெடுத்த துணி மைக்ரோஃபைபர்தான், ஆனால் வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்துத் துவைத்து மொரமொரப்பாகியிருந்தது. ஓரத்தில் கெட்டித் தையல் வேறு. சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சதுரத்தைப் பாலிஷ் போட்டு, ஆல்கஹால் கலவையைத் தெளித்து, பாதியைப் புதுத் துணியால் ஒற்றியெடுத்தேன், பாதியைப் பழைய துணியால் துடைத்தேன். ஒற்றிய பாதி கருப்பாக நின்றது. துடைத்த பாதியில் கோடு. அப்பா பதினொரு வருடம் செய்ததை நான் ஒரே நாளில் ஆறு தடவை செய்திருந்தேன்.

ஆகவே மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் துணியைப் பாருங்கள். ஓரத்தையல் இல்லாத, இழை நீளமான, தடித்த துணி நாலைந்து தனியாக வாங்கி, தனியாகத் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். துடைக்கும்போது கையால் அழுத்தம் தராதீர்கள், துணியின் எடையே போதும். பாலிஷ் காய்ந்து ஒட்டியிருந்தால் மேலே கொஞ்சம் தெளித்து ஊறவிட்டு எடுங்கள்.

மூன்றாவது ஞாயிறு நான் செய்தது இது. வண்டியைக் கழுவி, இரும்புத் துகள் கரைக்கும் திரவம் போட்டு, ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கிளே தேய்த்தேன். மென்மையான பெயிண்டில் கிளேயும் கோடு போடும், அதனால் அதைப் பாலிஷுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். விளிம்புகளுக்கும் கருப்பு பிளாஸ்டிக்குக்கும் மாஸ்கிங் டேப். விளிம்பில் பெயிண்ட் மெலிந்திருக்கும், அங்கே மெஷினை ஏற்றாதீர்கள். நிழலில், தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் தொடங்கினேன். மெத்தென்ற ஃபினிஷிங் ஃபோம் பேட், பட்டாணி அளவில் நான்கு சொட்டு, வேகம் 4. ஒரு தடவை போன தடத்தில் பாதியை மறுபடி மூடுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நான்கு சுற்று. கடைசி இரண்டு சுற்றுக்கு வேகம் 3, அழுத்தமே இல்லாமல் மெஷினின் எடை மட்டும். கையை வேகமாக ஓட்டக் கூடாது, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தேன், ஒவ்வொரு கதவுக்கும் புதுப் பேட் மாற்றினேன். மொத்தம் ஆறு பேட் தேவைப்பட்டது. "ஒன்று போதுமே" என்பார்கள். கடினமான பெயிண்டுக்குப் போதலாம். மென்மையான பெயிண்டில், பேடில் தேங்கிய கழிவு பெயிண்டே கோடு போட்டுவிடும்.

உங்கள் பாலிஷ் தேயத் தேய உடையும் துகள் வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வகையென்றால் துகள் உடைந்து நுணுகும்வரை ஓட்ட வேண்டும், பாதியில் நிறுத்தினால் மூட்டம்தான் மிஞ்சும்.

கடைசியாக, மேலே செராமிக் கோட்டிங் போட்டால் இனிக் கீறல் விழாது, 9எச் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது பென்சில் கடினத்தன்மை அளவு, மோஸ் அளவு இல்லை. மணல் அதையும் கீறும். கழுவுவது சுலபமாகும், அவ்வளவுதான்.

பானட்டை முடித்த அன்று வண்டியை வெயிலில் நிறுத்தி அப்பாவைக் கூப்பிட்டேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "வாங்கின அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார். இப்போதும் காலையில் வெளியே வருகிறார். கையில் துணிக்குப் பதில் ஊதுகுழல் பிளோயர்.

நீங்கள் நாளைக்கு ஒரே ஒரு சதுரம் போட்டுப் பாருங்கள். வெயிலில் கோடு தெரிந்தால் அது நேரா, வளைவா என்று மட்டும் முதலில் பாருங்கள்.