சாயத்தில் குறை என்று பணத்தை நிறுத்திய பையர்: ஜெனீவாவுக்குப் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் குழந்தைகள் உடை தைத்து ஏற்றுமதி செய்கிறேன். தடைசெய்த அசோ சாயம் இருப்பதாகத் தன் லேப் ரிப்போர்ட்டைக் காட்டி, ஜெர்மனி பையர் முழுப் பில்லையும் நிறுத்திவிட்டார். இங்கே எடுத்த சோதனையில் பாஸ். இது மறைமுக வர்த்தகத் தடை, ஜெனீவாவிலுள்ள உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போடலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: முடியாது. அங்கே ஓர் அரசு இன்னோர் அரசு மீதுதான் புகார் கொடுக்கும், கம்பெனிக்கு இடமில்லை. இந்தியப் பருத்திப் படுக்கை விரிப்புகளுக்கு ஐரோப்பா போட்ட பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலையில் வந்து குவிகிறது என்று போடும் கூடுதல் வரி) கரூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. 1998-ல் நம் அரசு புகார் கொடுத்தது; மேல்முறையீட்டில் சாதகமான முடிவு வந்தது 2001 மார்ச்சில். அந்த மேல்முறையீட்டு அமைப்பும் 2019 டிசம்பரிலிருந்து போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது.

வழியே இருந்தாலும் உங்கள் வாதம் நிற்காது. இந்தச் சாயம் சிதைந்து வெளிவிடும் கேடான ரசாயனமான அமினுக்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பு ஐரோப்பியத் தயாரிப்பாளருக்கும் பொருந்தும். உடல்நலத்துக்காக, பாகுபாடில்லாமல், தேவைக்கு மேல் வர்த்தகத்தை நெருக்காமல் விதி போட, உலக வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தமே இடம் தருகிறது. குழந்தை உடை விஷயத்தில் இதை எதிர்க்க நான் விரும்பவும் மாட்டேன்.

உங்கள் பலம் பையர் கொடுத்த பி.ஓ.விலும் (பர்ச்சேஸ் ஆர்டர்) ஒப்பந்தத்திலும்தான் இருக்கிறது. எந்த லேப், எந்த முறை, யார் எடுக்கும் சாம்பிள் என்று அதில் எழுதியிருக்கிறதா? அசோ சாயத்துக்கான இ.என். ஐ.எஸ்.ஓ. 14362 என்ற தரச் சோதனை முறையில்தான் இரண்டு லேப்களும் சோதித்தனவா? உங்களுடையது துணி சாம்பிளாகவும் அவருடையது பிரின்ட்டோடு தைத்த உடையாகவும் இருந்தால், இரண்டு ரிப்போர்ட்டுமே சரியாக இருக்கலாம். அப்படியானால் பிரின்டிங் ஜாப் ஒர்க் பில்லை எடுங்கள். சாயப்பட்டறை, பிரின்டிங் யூனிட் இரண்டுக்கும் இப்போதே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். முகத்துக்காகத் தயங்க வேண்டாம்.

பையரிடம் முழு ரிப்போர்ட்டையும், மீதி சாம்பிளை இருவரும் ஏற்கும் மூன்றாவது லேபுக்கு அனுப்பச் சம்மதத்தையும் மின்னஞ்சலில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஜெர்மன் சட்டம் என்று மட்டும் இருந்தால், நாடுகளுக்கிடையிலான சரக்கு விற்பனை பற்றிய 1980 வியன்னா உடன்படிக்கையும் சேர்ந்து வரும். இந்தியா அதில் சேரவில்லை என்பது அப்போது தடையாகாது. நியாயமான காலத்துக்குள் குறையைச் சொல்லாத பையர் பொதுவாக உரிமை இழக்கிறார். ஆகவே சரக்கு போய்ச் சேர்ந்த தேதி, முதல் புகார் வந்த தேதி இரண்டும் முக்கியம்.

நடுவர் மன்றப் பிரிவு இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பது பற்றிய 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடும் இருப்பதால், நடுவர் தீர்ப்பை ஜெர்மனியில் நிறைவேற்றலாம். திருப்பூர் கோர்ட் தீர்ப்பை அங்கே நிறைவேற்றுவது கடினம்.

இ.சி.ஜி.சி. (ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) பாலிசி இருந்தால் உடனே அங்கே தெரிவியுங்கள். ஆனால் தரத் தகராறு என்று பையர் சொல்லும்போது, அது உங்கள் பக்கம் தீராமல் பொதுவாக கிளைம் கிடைக்காது. பணம் வரத் தாமதமாகும் என்று வங்கிக்கும் எழுதிவிடுங்கள். கோவையிலுள்ள வெளிநாட்டு வர்த்தக இயக்குநரக அலுவலகத்தில் தரப் புகார், வர்த்தகத் தகராறு பற்றி மனு கொடுக்கலாம். அது சமரசம் பேச உதவும். பையர் மீது தீர்ப்பு எழுதாது.

மூன்றாவது லேப் ரிப்போர்ட் வரும்வரை தள்ளுபடிக்கோ, சரக்கைத் திருப்பி வரவழைக்கவோ ஒப்புக்கொண்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள்.