மண்ணீரல் கிழிந்த குழந்தைக்கு ஏன் ஆபரேஷன் செய்யாமல் வைத்திருக்கிறார்கள்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். 8 வயது மகன் சைக்கிளோடு விழுந்ததில் ஹேண்டில்பார் வயிற்றில் குத்திவிட்டது. சிடி ஸ்கேனில் மண்ணீரலில் மூன்றாம் நிலைக் கிழிசல் (1 முதல் 5 வரை, எண் ஏறினால் கிழிசல் பெரிது), வயிற்றுக்குள் ரத்தம் நிற்கிறது என்கிறார்கள். ஆனாலும் ஆபரேஷன் வேண்டாம் என்று 2 நாளாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இது சரியா, வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர். 15 வருடத்துக்கு மேலாக ஈரோடு, கோவைப் பக்கம்தான் வேலை. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு நடப்பது சரியான சிகிச்சைதான். மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்த குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கத்தி படாமலே ஆறிவிடுகிறார்கள்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், உங்கள் மகன் வயதுதான். வாய்க்கால் மேட்டிலிருந்து சைக்கிளை இறக்கும்போது சறுக்கிவிட்டான். இடது விலாவுக்குக் கீழே காசு வைத்து அழுத்தியதுபோல் ஒரு வட்டத் தடம், அவ்வளவுதான் வெளியில் தெரிந்தது. அவனோ வயிற்றைவிட இடது தோளைத்தான் பிடித்துக்கொண்டு அழுதான். கைக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அப்பா நின்றார். தோளில் அடியே படவில்லை. மண்ணீரலிலிருந்து கசியும் ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தினால் வலி இடது தோளில் தெரியும், இரண்டுக்கும் நரம்பு வழி ஒன்று. வயிற்றில் அடிபட்ட குழந்தை தோள் வலிக்கிறது என்றால் அலட்சியமாக விடாதீர்கள்.

ஸ்கேன் பார்த்துவிட்டு ஆபரேஷன் இப்போது தேவையில்லை என்றேன். அவனுடைய அம்முச்சி (அம்மாவின் அம்மா) என்னை விடவில்லை. "ஏனுங் டாக்டரு, வவுத்துக்குள்ள ரத்தம் தங்கீருக்குதுன்னு சொல்றீங்க. அதைய எடுக்காம உட்டுப்போட்டா சீழ் புடிச்சுக்காதுங்களா?"

நல்ல கேள்வி. கிருமி கலக்காத ரத்தத்தை வயிற்றின் உள்சவ்வு தானே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். குழந்தையின் மண்ணீரல் உறை பெரியவர்களுடையதைவிடக் கெட்டி. கிழிந்த இடத்துச் சின்ன ரத்தக்குழாய்களும் சட்டென்று சுருங்கி அடைத்துக்கொள்ளும். வயிற்றைத் திறந்து உறைந்த ரத்தத்தை அள்ளினால், அடைபட்ட வாயை நாமே திறந்துவிட்டதுபோல் ஆகிவிடும். அப்புறம் ரத்தத்தை நிறுத்த மண்ணீரலையே எடுக்க வேண்டி வரலாம்.

அந்தக் காலத்தில் எல்லாருக்கும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மண்ணீரல் இல்லாவிட்டாலும் ஒரு கெடுதலும் வராது என்பது அன்றைய நம்பிக்கை. மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்குக் கடுமையான கிருமித் தொற்று வருவதை 1952இல் அமெரிக்காவில் கிங், ஷூமேக்கர் என்ற இருவர் எழுதினார்கள். 1968இல் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து உபாத்யாயா, சிம்ப்சன் என்ற இருவரின் கட்டுரை வந்தது. அடிபட்ட மண்ணீரல் எடுக்காமலே ஆறும் என்று அது காட்டியது. அந்த உபாத்யாயா நம் நாட்டுக்காரர், பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்தவர். முதலில் குழந்தைகளுக்கு வந்த இந்த வழக்கம்தான் பிறகு பெரியவர்களுக்கும் போனது.

சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சும்மா இல்லை. 25 கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தம் 2 லிட்டர்தான். அதில் அரை லிட்டர் போனாலும் பிரஷர் நன்றாகவே காட்டும், குழந்தையின் உடம்பு அப்படி இழுத்துப் பிடிக்கும். விழும்போது மடமடவென்று விழுந்துவிடும். அதனால் நாங்கள் பிரஷரை மட்டும் நம்புவதில்லை. நாடி ஏறுகிறதா, கால் விரல் சில்லென்று இருக்கிறதா, சிறுநீர் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். 6 மணி நேரத்துக்கு ஒரு தரம் ஹீமோகுளோபின். கோபிப் பையனுக்கு 11லிருந்து 8.5க்கு இறங்கியது. அடுத்த ரத்தப் பரிசோதனை 8.4 என்று வந்த விடியற்காலையில்தான் நான் டீ குடிக்கப் போனேன். 5ஆம் நாள் வீட்டுக்குப் போனான்.

கிழிசலின் நிலை எண்ணைக் கேட்டுத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். கத்தி எடுப்பதா வேண்டாமா என்பதை அந்த எண் முடிவு செய்வதில்லை, குழந்தையின் நாடிதான் முடிவு செய்யும். ரத்தம் ஏற்றியும் நாடி அடங்கவில்லை, கிலோவுக்கு 40 மில்லி, அதாவது 25 கிலோவுக்கு ஒரு லிட்டர் ஏற்றியும் நிற்கவில்லை என்றால் தாமதிக்காமல் திறக்க வேண்டும். அப்போதும் முடிந்தவரை மண்ணீரலைத் தைத்துக் காப்பாற்றத்தான் பார்ப்போம். எடுத்தே ஆக வேண்டி வந்தால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசிகளும் பென்சிலினும் கட்டாயம்.

குடல் கதை வேறு. அங்கே காத்திருப்பதுதான் ஆபத்து. தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த 6 வயதுப் பெண் குழந்தையை நான் மறக்க முடியாது. அப்பாவின் மொபட்டில் முன்னால் நின்றபடி வந்தவள், நாய் குறுக்கே வந்து வண்டி சாய்ந்ததில் ஹேண்டில்பார் தொப்புளுக்கு மேலே குத்தியது. குடல் ஏறிவிட்டது என்று விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டு, ஒரு பகல் கழித்துத்தான் கொண்டுவந்தார்கள். ஸ்கேனில் மண்ணீரல், கல்லீரல் இரண்டும் நன்றாக இருந்தன, ஆனால் வயிற்றில் கொஞ்சம் நீர். எங்களுக்கு அதுதான் உறுத்தல். கசிய வேறு இடம் இல்லாதபோது நீர் எங்கிருந்து வந்தது? இரவுக்குள் நாடி 110லிருந்து 150 ஆனது, வயிறு பலகைபோல் ஆனது, போர்வை பட்டாலே கத்தினாள். எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று, அதாவது குடலில் ஓட்டை. திறந்து பார்த்தால் சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புளியங்கொட்டை அளவு ஓட்டை. தைத்து, வயிற்றைக் கழுவி மூடினோம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் முதல் நாளே வந்திருந்தால் அவ்வளவு வலி பட்டிருக்க மாட்டாள்.

அதனால் இதைப் படிக்கும் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன், அடிபட்ட வயிற்றைத் தயவுசெய்து நீவாதீர்கள், தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகாதீர்கள். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தர வேண்டி வரலாம். குழந்தையின் விலா எலும்பு பச்சை விளார் மாதிரி வளைந்து கொடுக்கும். எலும்பு உடையாமலே அடி உள்ளே இறங்கிவிடும். வெளியே காயமில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் மகனுக்கு வருகிறேன். ஹேண்டில்பார் என்பதால் கணையத்தையும் முன்சிறுகுடலையும் (இரைப்பையை ஒட்டிய சிறுகுடலின் தொடக்கம்) பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். முதுகெலும்புக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே நசுங்குவது அவைதான், தெரியவர ஓரிரு நாள் ஆகலாம். பச்சையாக வாந்தி எடுத்தால், வயிறு உப்பினால், காய்ச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள்.

மாற்றுவதைப் பற்றி: ரத்த வங்கி, ஐசியூ, நடுராத்திரியிலும் குழந்தைக்கு ஆபரேஷன் செய்ய ஆள், இந்த மூன்றும் அங்கே இருக்கின்றனவா என்று நேராகக் கேளுங்கள். இருந்தால் பையனை ரோட்டில் குலுக்காதீர்கள். இல்லாவிட்டால் அவன் நன்றாக இருக்கும்போதே, ட்ரிப்ஸ் ஊசியோடு 108இல் மாற்றுவது நல்லது. காரில் மடியில் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

வீட்டுக்குப் போனபின் நிலை எண்ணோடு இரண்டைக் கூட்டினால் வரும் வாரங்கள் ஓட்டம், சைக்கிள், கபடி, மரமேறுதல் கிடையாது. உங்கள் மகனுக்கு 5 வாரம். பள்ளிக்கூடத்துக்கு அதற்கு முன்பே போகலாம், பி.டி. வாத்தியாருக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த 5 வாரத்தில் அவனுடைய சைக்கிளை ஒரு தரம் பாருங்கள். ஹேண்டில்பார் முனையில் ரப்பர் பிடி கிழிந்து குழாய் வெளியே தெரிந்தால் புதுசு மாற்றிவிடுங்கள். கோபிப் பையன் வயிற்றில் இருந்த வட்டம் அப்படி ஒரு குழாயின் தடம்தான்.