லெவோசெட்டிரிசினுக்குக் கைரல் முறை கட்டாயமா?

கேள்வி: ஒவ்வாமை மருந்தான லெவோசெட்டிரிசின் மாத்திரைக்கு உயிரிச் சமான ஆய்வு (இரு மாத்திரைகளும் இரத்தத்தில் ஒரே அளவு மருந்தைத் தருகின்றனவா என்று பார்க்கும் ஆய்வு) நடத்தவிருக்கிறோம். எங்கள் மாத்திரை, ஒப்பீட்டு மாத்திரை இரண்டிலும் ஆர் எனான்சியோமர் (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான ஆர், எஸ் என்ற இரு வடிவங்களில் ஒன்று) மட்டுமே உள்ளது. இரத்தப் பிளாஸ்மாவில் அளக்க, அந்த இரு வடிவங்களையும் பிரித்தறியும் கைரல் முறைதான் வேண்டும் என்கிறார் குழுத்தலைவர். சாதாரண முறை போதாதா?

பதில்: போதும். மருந்து ஒற்றை எனான்சியோமர் என்பதாலேயே கைரல் முறை கட்டாயமாகிவிடாது. பிளாஸ்மா மாதிரிக்குள் எஸ் வடிவம் வர வழி உண்டா என்பதுதான் கேள்வி.

இரண்டு வடிவங்களுக்கும் நிறை ஒன்றே, துண்டு அயனிகளும் ஒன்றே. மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி அவற்றைப் பிரித்துக் காட்டாது. மாதிரியிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் சாதாரண குழலில் இரண்டும் சேர்ந்தே வெளிவரும். ஆகவே நீங்கள் அளப்பது கூட்டுத்தொகை. எஸ் இல்லையென்றால் அந்தக் கூட்டுத்தொகையே ஆர்.

உடலில் வடிவம் மாறும் மருந்துகள் உண்டு. தாலிடோமைடின் கைரல் கார்பனில் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பன்) ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது, பக்கத்திலேயே கார்பனைல் (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு கொண்ட கார்பன்). அந்த ஹைட்ரஜன் எளிதில் கழன்று திரும்ப ஒட்டுவதால், எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் இரத்தத்தில் இரண்டும் கலந்துவிடும். ஆர் இபுபுரூஃபன் நொதிகளின் வேலையால் எஸ் ஆகிறது. எஸ் திரும்ப ஆர் ஆவதில்லை என்றே சொல்லலாம். லெவோசெட்டிரிசினின் கைரல் கார்பனுக்கு அருகில் கார்பனைல் இல்லை. உறிஞ்சப்படும்போதும் வெளியேறும்போதும் வடிவமாற்றம் நிகழ்வதில்லை என்று அதன் மருந்துக் குறிப்பே சொல்கிறது.

இருந்தாலும் நான் வெறுங்கையோடு போகமாட்டேன். சில தன்னார்வலர்களின் உச்ச அளவு நேர மாதிரிகளையும், கடைசி மணிநேர மாதிரிகளையும் கைரல் குழலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கடைசி மாதிரிகள் எதற்கு? மெல்ல நடக்கும் மாற்றம் அங்கேதான் தலைகாட்டும். சிறிதளவு எஸ் சேர்த்த பிளாஸ்மாவையும் கூடவே ஓட்டுங்கள். அந்த எஸ் சிகரம் (வரைபடத்தில் அதன் மேடு) தெரிந்தால்தான் மற்றவற்றில் அது இல்லை என்பதற்கு மதிப்பு. உறையவைத்து உருக்கிய மாதிரியையும், பிரித்தெடுப்பில் அமிலம் அல்லது காரம் பட்ட மாதிரியையும் விட்டுவிடாதீர்கள். வடிவமாற்றம் ஆய்வக மேசையிலும் நடக்கலாம்.

ஒப்பீட்டு மருந்து செட்டிரிசினாக இருந்தால் கதை வேறு. அது சுழிமாய்க் கலவை, அதாவது ஆர், எஸ் இரண்டும் சம அளவில் கலந்தது. அங்கே கூட்டுத்தொகை உங்களை ஏமாற்றிவிடும், கைரல் முறை வேண்டும். உங்கள் ஆய்விலும் இதே ஆபத்து பின்வாசல் வழியாக வரலாம்: தன்னார்வலர் ஒருவர் இரண்டு நாள் முன்பு தும்மலுக்குச் செட்டிரிசின் போட்டிருப்பார், கேட்டால் மறந்திருப்பார். முதல் வேளைக்கு முந்தைய மாதிரியில் சிகரம் தெரிந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.