மின்புலம் கொடுத்தால் காந்தம் திரும்புமா? மல்ட்டிஃபெராயிக் கேள்வி பதில்

கேள்வி: கம்பிச் சுருளில் மின்னோட்டம் விட்டாலே காந்தம் கிடைக்கிறதே, இந்த மல்ட்டிஃபெராயிக் எதற்கு?

பதில்: சுருளில் ஓட்டம் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும், கம்பியும் சூடாகிக்கொண்டே இருக்கும். மல்ட்டிஃபெராயிக் என்றால் மின் ஒழுங்கும் காந்த ஒழுங்கும் ஒன்றாகவே உள்ள பொருள். அதன் படலத்துக்கு மின்தேக்கி மாதிரி இரு பக்கமும் மின்வாய் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் போதும். காந்தம் திரும்பும் கணத்தில் கொஞ்சம் மின்னூட்டம் நகரும், அவ்வளவுதான். அப்புறம் மின்னழுத்தத்தை எடுத்துவிட்டாலும் திரும்பிய நிலை கலையாது.

கேள்வி: இத்தகைய பொருள்கள் ஏன் இவ்வளவு அரிது?

பதில்: பேரியம் டைட்டனேட்டில் டைட்டானியம் மையத்தைவிட்டு நகர்வதால்தான் மின்முனைவு (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம்) வருகிறது, அதற்கு அதன் டி ஆர்பிட்டல் (எலக்ட்ரான்கள் தங்கும் ஒரு வகை இடம்) காலியாக இருக்க வேண்டும். காந்தத்துக்கோ அதே டி ஆர்பிட்டலில் எலக்ட்ரான் வேண்டும். பிஸ்மத் ஃபெரைட் வேலையைப் பிரித்துக்கொண்டு தப்பிக்கிறது: மின்முனைவுக்கு பிஸ்மத், காந்தத்துக்கு இரும்பு. காந்த ஒழுங்கு சுமார் 370 டிகிரி செல்சியஸ் வரையும், மின் ஒழுங்கு 830 வரையும் தாங்கும். டெர்பியம் மாங்கனைட்டும் அழகான பொருள்தான், ஆனால் 28 கெல்வினுக்குக் (சுமார் மைனஸ் 245 டிகிரி செல்சியஸ்) கீழே குளிரவைக்க வேண்டும்.

கேள்வி: பிஸ்மத் ஃபெரைட் எதிர்ஃபெரோகாந்தம் ஆயிற்றே, பக்கத்துப் பக்கத்து அணுக் காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துவிடுமே. வெளியே காந்தமே தெரியாததைத் திருப்பி என்ன லாபம்?

பதில்: நல்ல பிடி. எதிரெதிர் சுழல்கள் (அந்த அணுக் காந்தங்கள்) நேர்க்கோட்டில் நிற்காமல் இம்மியளவு சாய்ந்திருப்பதால், மென்படலத்தில் சின்னதாக ஒரு காந்தம் மிஞ்சும். மேலே கோபால்ட்-இரும்பு அடுக்கைப் படியவைத்தால் அது இந்த மிச்சத்தைப் பின்பற்றும். சிக்கல் என்னவென்றால், மின்முனைவு ஒரே பாய்ச்சலில் 180 பாகை புரண்டால், மிச்சக் காந்தம் இருந்த இடத்திலேயே இருந்துவிடும் என்பது கணக்கு. 2014இல் அறை வெப்பநிலையில் செய்த சோதனையில், மின்முனைவு முதலில் 71 பாகை, பிறகு 109 பாகை என இரண்டு எட்டாகத் திரும்புவது தெரிந்தது. இந்தச் சுற்றுவழியில் ஆக்சிஜன் எண்முகிகளும் (இரும்பைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் நிற்கும் கூடுகள்) கூடவே திரும்பின, காந்தமும் திரும்பியது. குறுக்குவழியில் போயிருந்தால் காரியம் கெட்டிருக்கும்!

கேள்வி: மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு சுருங்கும் அழுத்தமின் பொருள்மேல் காந்தப் படலம் ஒட்டினால் சுலபமில்லையா?

பதில்: சுலபம்தான். ஆனால் இழுவிசைக்கு வடக்கும் தெற்கும் ஒன்றுதான். காந்தத்தை 90 பாகை திருப்பும். முழுதாகக் கவிழ்க்க அது மட்டும் போதாது.

கேள்வி: நினைவகச் சில்லாக எப்போது வரும்?

பதில்: தேதி சொல்ல மாட்டேன். படலம் மெலிந்தால் மின்கசிவு. திருப்பித் திருப்பி எழுதினால் களைப்பு, அதாவது திரும்பும் திறன் தேய்ந்துபோகும். லாந்தனம் கலந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே திரும்புகிறது. களைப்புதான் இன்னும் தலைவலி.