கணிதப் பிரிவுக்காக மகளை அட்டனுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் ஏ எடுத்திருக்கிறாள். கணிதப் பிரிவுதான் வேண்டும் என்கிறாள். ஆனாலும் தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள பாடசாலையிலேயே கலைப் பிரிவில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. "பொம்பளப் பிள்ளைய எப்படி அட்டன்ல விடுறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவளே விரும்பிக் கலைப் பிரிவு எடுத்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். உங்கள் பக்கத்துப் பாடசாலை 1சி வகை என்பதால் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும்தான் உண்டு. கணிதத்துக்கு, எல்லாப் பிரிவும் உள்ள 1ஏபி வகைப் பாடசாலை வேண்டும். தோட்டப் பகுதிகளில் அந்த வகைத் தமிழ்ப் பாடசாலைகள் குறைவு. நம் பிள்ளைகளில் கெட்டிக்காரிகள் பலர் இந்தத் தூரத்தாலேயே பொறியியல் பக்கம் போகாமல் நின்றுவிடுகிறார்கள். மகனாக இருந்தால் இதே தூரத்தை யாரும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

இன்னொன்று பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பல்கலைக்கழகத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளுக்கான இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகிறது. 55 வீதத்தை மாவட்ட வாரியாகப் பிரிக்கிறார்கள். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே எல்லா இடத்துக்கும் உங்கள் மகள் கொழும்புப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டியதில்லை. அட்டனும் நுவரெலியா மாவட்டம்தான், அங்கே போய்ப் படித்தாலும் இந்த வாய்ப்பு கை நழுவாது.

உங்கள் பயம் நியாயமானது. டியூஷன் முடிந்து இருட்டும் நேரத்தில், பனி மூடிய தோட்டப் பாதையில் பிள்ளை தனியாக நடந்து வருவதை எந்தத் தாய் பொறுப்பாள்? அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய தோட்டச் சம்பளம், போனாலும் பரவாயில்லை, நேரில் போய் அதிபரைப் பாருங்கள். கணிதப் பிரிவின் முக்கிய பாடங்களான இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் தமிழில் படிப்பிக்க இப்போது ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். விடுதி, பஸ் நேரம், டியூஷன் முடியும் நேரம் எல்லாம் அப்புறம். ஆசிரியர் இல்லாத இடத்தில் சேர்த்து இரண்டு வருஷத்தை வீணாக்குவதைவிட இன்னும் கொஞ்சம் தள்ளியுள்ள பாடசாலை மேல். விடுதி இல்லையென்றால், டவுனில் நம்பிக்கையான சொந்தக்காரர் வீடு உண்டா என்று யோசியுங்கள்.

படித்து என்ன வேலை என்று அவள் அப்பா கேட்கிறாராம். தலவாக்கலை அணையில் மறித்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் ஓடித்தான் மேல் கொத்மலையில் 150 மெகாவாட் மின்சாரமாகிறது. அந்தச் சுரங்கத்துக்குக் கணக்குப் போட்டதும், இன்று அந்த இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதும் இணைந்த கணிதம் படித்தவர்களின் வேலை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையமும் தலவாக்கலையில்தான் இருக்கிறது. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு நடக்கிறது.

சரி, பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் உயர்தரப் புள்ளியான இசட் புள்ளி போதாமல் போனால்? தொழிற்பயிற்சிக்கு மட்டம் மட்டமாகத் தரும் தேசிய தொழில் தகைமை வழியாக ஏறலாம். அதன் 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம்.

அதிபரைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். ஆய்வுகூடத்தைக் காட்டச் சொல்லுங்கள், கேள்விகளை அவளே கேட்கட்டும். அதிபர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். விடுதி கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.